கேட்டுச் செய்கிற மேஸ்திரி

நாங்கள் கூலிக்குப் போகும் காப்பி எஸ்டேட்டுக்குக் குப்பனூரிலிருந்து வந்த மேஸ்திரி அவர். ஒல்லியான ஆள். எதையும் எங்களைக் கேட்டுத்தான் செய்வார். கேட்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுவார்.

அன்றைக்குப் பெருங்காற்று. "ஏனுங்கம்மா, வேலையை நிறுத்திக்கலாமுங்களா?" என்றார். மூத்தவள் என்று என்னைக் கேட்டதில் எனக்குப் பெருமை.

"இந்தக் காத்துக்கா பயப்படறீங்க? இந்தச் செடி நிரையை முடிச்சுட்டே போலாமுங்க மேஸ்திரி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சரி என்றார்.

நிரை முடிவதற்குள் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து என் நாத்தனார் மேல் விழுந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

முன்பிருந்த மேஸ்திரி யாரையும் கேட்டதில்லை. காற்று எழுந்தாலே வாய்க்கு வந்தபடி திட்டி எங்களை விரட்டிவிடுவார். அவரை நாங்கள் சபிக்காத நாளில்லை.

நாத்தனாருக்கு மண் போட்டு முடிந்ததும் இவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"நான் கேட்டிருக்கக் கூடாதுங்களாம்மா?"

அதையும் என்னைத்தான் கேட்டார்.