நிற்கப் பழகிய கால்கள்

ஆதிகேசவன் நடப்பதைப் பார்த்தாலே அவருடைய தொழில் தெரிந்துவிடும். கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நாலடி வைப்பார், நிற்பார், காதைக் கொடுப்பார். பிறகு மறுபடியும் நாலடி. பீன்யா தொழிற்பேட்டையில், மோட்டார் வண்டிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் அவர் லைன் இன்ஸ்பெக்டர். மெஷின் மெஷினாகப் போய் அது ஓடும் சத்தத்தைக் கேட்பதும், கடைந்து விழுந்த துண்டை எடுத்து அளந்து பார்ப்பதும், தேறும் என்றோ தேறாது என்றோ சொல்வதும் வேலை. உட்கார ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் அவருடைய டிபன் பைதான் உட்கார்ந்திருக்கும்.

அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எக்ஸர்சைஸ் ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என் வேலையே நடக்கிறதுதான் மேடம். காலைல கம்பெனி ஷாப் உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் நடைதான்."

"வேர்க்குமா? மூச்சு வாங்குமா?"

"இவ்வளவு வருஷமா நடக்கிறேன், இன்னும் மூச்சு வாங்குமா?" என்றார் பெருமையாக.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எட்டு கிலோ இறங்கணும். சுகரும் ஓரத்துல நிக்குது. மூணு மாசம் டைம் தர்றேன். அதுக்கப்புறம்தான் உங்க கிட்னியை எடுக்கிறதைப் பத்திப் பேச முடியும்."

விஷயம் இதுதான். ஆதிகேசவனின் அக்கா எல்லம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகிடக்கிறாள். கையில் ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் ஒரு முறை அடைத்து, திறந்துவிட்டிருக்கிறார்கள். இன்னொரு முறை அடைத்தால் கழுத்தில் குழாய் வைக்க வேண்டும் என்கிறார்கள். தம்பியின் ரத்தமும் மற்ற சோதனைகளும் அவளுக்குப் பொருந்திவிட்டன. பொருந்தாதது அவருடைய வயிறு மட்டும்தான்.

"அக்காவுக்கு அவசரம் மேடம். எனக்கு ஏதாவது ஆனா பரவாயில்ல, எடுத்துடுங்க."

"எங்களுக்கு அவங்களும் பேஷண்ட், நீங்களும் பேஷண்ட்" என்றார் டாக்டரம்மா. "அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, நாலு வருஷம் கழிச்சு உங்களை அதே நாற்காலில உக்கார வைக்கச் சொல்றீங்களா?"

வெளியே பெஞ்சில் எல்லம்மா காத்திருந்தாள். "இன்னாடா சொன்னாங்க?"

"வெயிட் கொறைக்கணுமாம்."

"நான் அப்பவே சொன்னேன். உன் கிட்னியை வச்சா எனக்கு ஒடம்பெல்லாம் வடை வாசம் வரும்னு." சொல்லிவிட்டு, முந்தானையால் கட்டுப்போட்ட கையை மூடிக்கொண்டாள்.

மறுநாளே ஆதிகேசவன் கேன்வாஸ் ஷூ வாங்கினார். வீடு ஜோகுபாளையத்தில். அல்சூர் ஏரிக்கரை கிட்டத்திலேயே இருந்தது. விடிந்ததும் கிளம்பினால், ஏரியோரப் பாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை, அங்கிருந்து திரும்பி மறுபடி இந்த முனை என்று நடந்துவிட்டு, மெட்ரோ பிடித்து வேலைக்குப் போய்விடலாம். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. மழையில் குடையோடு நடந்தார். கையிலிருந்த போன் அவருடைய அடிகளை எண்ணி, தினமும் திரையில் வண்ணத்தாள் தூவி அவரை வாழ்த்தியது.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரித் தராசில் ஏறினார். முள் போன மாதம் நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"மேடம், உங்க தராசைக் கொஞ்சம் செக் பண்ணணும்" என்றார். பழக்கதோஷம். டாக்டரம்மா அவரைப் பக்கத்து அறைத் தராசிலும் ஏற்றினார். அதுவும் அதையே சொன்னது. "இப்படியே போனா தள்ளித்தான் வைக்கணும்" என்றார்.

விஷயத்தைக் கேட்டு மஞ்சுநாத் சிரித்தான். கடைசி வரிசை மெஷினில் நிற்பவன். சட்டைக் கை கிழிகிற மாதிரி புஜம் வளர்த்திருந்தான். அவனுடைய தமிழில் பாதி கன்னடம்.

"அண்ணா, வாக்கிங் எல்லாம் ஒரு எக்ஸர்சைஸா? சும்னே டைம்பாஸ். ரிட்டையரானவங்க வீட்ல திட்டு வாங்காம இருக்க ஏரிக்கு வர்றாங்க. நீ என் ஜிம்முக்கு வா குரு. வெயிட்டு தூக்கு, அப்பதான் வெயிட்டு போகும்."

போனார். போகாமல் என்ன செய்வது? ஓடுகிற பெல்ட் மேல் ஏற்றிவிட்டார்கள். ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் குதித்து இறங்கி, குனிந்து அதன் அடியில் காதை வைத்தார். "பேரிங் போயிருக்கு. கிரீஸ் போட்டு எத்தனை நாளாச்சு?" என்று பயிற்சி கொடுக்கிறவனிடம் விசாரித்தார். அதற்குள் மஞ்சுநாத் அவரை வேறு பக்கம் இழுத்துப் போய்க் கம்பியைத் தூக்கச் சொன்னான். தூக்கினார். அந்த வாரம் முழுக்கத் தோள்பட்டையை அசைக்க முடியவில்லை. மகாதான் சட்டை மாட்டிவிட்டாள்.

மகா அவருடைய மனைவி. பேச்சில் கெட்டிக்காரி. தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "தினமும் ஏரிக்குத்தானே போற? வேற எங்கயும் போகலையே?"

"இந்த வயசுல வேற எங்க போவாங்க?"

"நாளைக்கு நானும் வர்றேன்."

வந்தாள். அவர் பாட்டுக்கு நடக்கட்டும் என்று பத்தடி பின்னால் வந்தாள். ஏரிக்கரையில் முதலில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் நின்றார், தலையைச் சாய்த்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார். அடுத்து, பூங்காவில் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த இரும்பு ஊஞ்சல் கிறீச்சிட்டது. நின்றார். வேலிக் கதவின் கீல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நின்று தூக்கிப் பார்த்தார். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்றது. அங்கே நின்றது கொஞ்ச நேரம் இல்லை. அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகும் சைலன்சர் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மகா எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதுக்குப் பேரு வாக்கிங்கா? கம்பெனி ரவுண்ட்ஸ்யா இது! ஏரியை இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டு சர்டிபிகேட் குடுக்கப் போறியா?"

"எங்க நின்னேன்?" என்றார் அவர். மனமறிந்த பொய் இல்லை. நின்றது அவருக்கே தெரியவில்லை.

அன்று ஷாப்பில் அவர் தன் கால்களைத் தானே கவனித்தார். பக்கத்திலே ஒரு மெஷின், துண்டு மாட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க இப்படிச் சுற்றினாலும் ஒரு சீவல் விழாது. கரண்ட் செலவாகும், மெஷினும் ஓடியதாகத்தான் இருக்கும், ஆனால் வேலை நடந்திருக்காது. தன்னுடைய இத்தனை வருஷத்து நடை இதுதானோ என்று நினைத்தபோது அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மஞ்சுநாத் சொன்னதில் பாதி சரி. இந்த நடை கணக்கில் சேராது. ஆனால் நடையே சேராது என்று சொல்ல முடியுமா? பழைய மெஷினில் எடுத்தவுடன் ஆழமாக வெட்டினால் டூல் உடையும். தோள்பட்டை அதைத்தான் சொன்னது. மெல்லிசாக, விடாமல், அழுத்தம் குறையாமல் வெட்டினால்? அப்படி அவர் ஒரு நாள்கூட நடந்து பார்த்ததில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. டீ.

அந்த ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் மெஷினுக்கு வந்தால், அங்கே நிற்பவன் தன் டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுப்பான். வாங்கிக் குடித்தால் மனத்தாங்கல் இல்லை என்று அர்த்தம். வேண்டாம் என்றால், துண்டைத் தள்ளப் போகிறார் என்று அர்த்தம். வரிசையில் எத்தனை மெஷினோ அத்தனை அரை டீ, அத்தனைக்கும் சர்க்கரை. யாருக்காவது பிறந்தநாள், வண்டி வாங்கியது என்றால் மைசூர்பாகும் உண்டு. அரை டீதானே என்று அவர் ஒருநாளும் அதைச் சாப்பாட்டில் சேர்த்ததில்லை.

மறுநாள் மஞ்சுநாத் டம்ளரை நீட்டினான். ஆதிகேசவன் கையை நீட்டவில்லை.

"வேணாம்பா."

மஞ்சுநாத்தின் முகம் செத்துவிட்டது. "ஏன் அண்ணா? சைஸ் ஜாஸ்தியா? காலைல நான்தானே செட்டிங் போட்டேன்!"

"சைஸ் எல்லாம் சரிதான். எனக்கு டீ வேணாம், அவ்வளவுதான்."

அவன் நம்பவில்லை. தட்டிலிருந்த துண்டு முழுவதையும் திரும்ப அளந்தான். செய்தி வரிசை முழுக்கப் பரவியது. ஆதியண்ணனுக்கு என்னமோ கோபம், டீயைத் தொடவில்லை. அன்றைக்கு அத்தனை பேரும் கையிலிருந்த துண்டை இரண்டு முறை அளந்தார்கள். சூப்பர்வைசர்கூட வந்து, "ஏதாவது பிரச்சனையா?" என்று காதோரம் கேட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஆதிகேசவன் அக்காவைப் பற்றிச் சொல்லும்படி ஆயிற்று. அதுவரை வேலை இடத்தில் வாயைத் திறக்காதவர். எட்டு கிலோ, கழுத்துக் குழாய், எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் மஞ்சுநாத்தான், "அப்போ இனிமே உனக்கு பிசிநீருதான் குரு. சாக்கு, போதும், டீ கீ ஒண்ணும் கிடையாது" என்றான். மறுநாளிலிருந்து மெஷினுக்கு மெஷின் அவருக்குப் பாதி டம்ளர் வெந்நீர் வந்தது. வழக்கம் கெடவில்லை.

சாப்பாட்டுத் தட்டை மகா பார்த்துக்கொண்டாள். நடையை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னால் கோத்த கைகளைப் பிரித்து வீசுவதே கஷ்டமாக இருந்தது. யாரோ புதிய ஆளின் கைகள் போல இருந்தன. பம்ப் சத்தம் காலைப் பிடித்து இழுக்கும். இரும்பு ஊஞ்சல் கூப்பிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவார். முதல் வாரம் முதுகு நனைந்தது. வாய்விட்டுப் பேச முடிந்தது, பாட முடியவில்லை. டாக்டரம்மா அன்றைக்குக் கேட்ட மூச்சு இதுதான் என்று புரிந்தது.

இரண்டாம் மாதக் கடைசியில் தராசு முள் ஆரம்பத்தில் நின்ற இடத்திலிருந்து நாலு கிலோ இறங்கியிருந்தது. சுகர் ஓரத்திலிருந்து உள்ளே வந்திருந்தது. "இதை விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு நாலு. முடிச்சீங்கன்னா தேதி குறிக்கலாம்."

அந்த வாரம் எல்லம்மாவுக்குக் கை மறுபடி வீங்கியது. அடைக்கவில்லை, அடைக்கப் பார்க்கிறது என்றார்கள். டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில், தானும் ஏரிக்கு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மகா கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, பாதையின் பாதித் தூரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பால் வாங்கப் போனாள்.

ஆதிகேசவன் அக்காவின் பக்கத்தில் உட்காரப் போனார்.

"ஏய், எதுக்கு உக்கார்ற?"

"கொஞ்ச நேரம் உன்கூட..."

"என்கூட உக்காந்தா வெயிட் எறங்குமா? வீட்ல உன் மூஞ்சியைப் பாக்கலையா நானு? நட."

நடந்தார். முனைக்குப் போய்த் திரும்பி பெஞ்சைத் தாண்டும்போது கால் தானாகத் தயங்கியது. "நின்ன, உன் கிட்னியே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள். அவர் தாண்டினார். அடுத்த முறை ஒன்றும் சொல்லவில்லை, போ போ என்று கையை மட்டும் வீசினாள். அதற்கடுத்த முறை அதுவும் இல்லை.

மறுமுனையில் திரும்பியபோது தூரத்திலிருந்தே பார்த்தார். எல்லம்மாவின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. வீங்கிய கை மடியில் கிடந்தது. நில் என்றன கால்கள். அவருடைய தொழில் முழுவதும் நில் என்றது. சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும், நின்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினார்.

நிற்கவில்லை. நடையைத் தளர்த்தவும் இல்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். ஏரிப் பறவைகள், தூரத்துப் பம்ப், தன் மூச்சு எல்லாவற்றுக்கும் அடியில் அக்காவின் குறட்டை கேட்டது. மெல்லியதாக, ஒரே சீராக, சின்ன வயதில் பக்கத்துப் பாயிலிருந்து கேட்டு அவர் காலால் உதைத்த அதே குறட்டை.

தேறும், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தாண்டிப் போனார்.

நாலடி போயிருப்பார். குறட்டை நின்றது.

"இன்னாடா," என்றது பின்னாலிருந்து, "ஸ்பீடு கொறையுது?"

ஆதிகேசவன் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை இன்னும் கொஞ்சம் வீசினார்.