திருவேற்காட்டு நடவுக்காரி

கூவத்தின் கரையோரமாகத் திருவேற்காட்டில் நடந்துகொண்டிருக்கிறேன். இந்த ஊர்ச் சிலைகளைப் பார்க்கவென்றே இரண்டு பஸ் மாறி வந்தவன், தேர்தல் அறிவித்துவிட்டார்கள் என்பதை மறந்து தொலைத்திருக்கிறேன். முச்சந்தியில் தலைவர்கள் எல்லோரும் துணிக்குள் மூட்டை மூட்டையாக நிற்கிறார்கள்.

பாலத்தடியில் மட்டும் ஒரு சிலை மிச்சமிருக்கிறது. சிமெண்டில் செய்த நடவுக்காரி, கையில் நாற்றுமுடியோடு குனிந்திருக்கிறாள். வெயிலில் அவள் முதுகின் பெயின்ட் உரிந்திருக்கிறது. படம் எடுக்கலாம் என்று நான் போனை எடுப்பதற்குள், இரண்டு நகராட்சி ஊழியர்கள் துணியும் கயிறுமாக வந்து அவளைப் போர்த்தத் தொடங்குகிறார்கள்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் பெண் கரண்டியோடு வருகிறாள்.

“இன்னா அண்ணாத்தே, இவ எந்தக் கட்சி?”

“சிலைன்னா மூடச் சொல்லிக்கீறாங்கம்மா. அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும்.”

“மத்தவங்கல்லாம் நிமிந்து நின்னு கையக் காட்டிக்கினு கீறாங்க, மூடு. இவ எங்க நிமிந்தா? என்னிக்காவது நிமிந்து ஓட்டு கேட்டான்னா, அப்ப வந்து மூடு.”

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மூத்தவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. முடிச்சை அவிழ்த்துத் துணியை உருவுகிறார். நான் சட்டென்று படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

“ஆபீசர் கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?” என்கிறார் அவர்.

அவள் அதற்குள் வண்டிக்குத் திரும்பி இட்லிப் பானையைத் திறந்துவிட்டாள். ஆவிக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வருகிறது.

“அவ வேலையில கீறான்னு சொல்லு.”