சந்தனம் காய்ந்த லென்ஸ்

சித்தேரி மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் லூர்துமேரி லேப் டெக்னீஷியன். மலையிலிருந்து இருமிக்கொண்டு இறங்கி வருகிறவர்களின் சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமியைத் தேடுவது அவர் வேலை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அலுவலக உதவியாளர் மாதவராஜ் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு, எடை மெஷினுக்குப் பொட்டு. அடுத்து மைக்ராஸ்கோப்.

“அதுக்கு வேணாங்கண்ணா” என்றார் லூர்துமேரி.

“ஏங்க மேரிம்மா, உங்க சாமி கோவிச்சுக்குமா?”

நர்சுகள் சிரித்தார்கள். மாதவராஜ் மைக்ராஸ்கோப்பிலும், லென்ஸ்களுக்கு மேலே, பொட்டு வைத்தார். லென்ஸ் கெட்டுவிடும் என்று லூர்துமேரி சொன்னால் அது மதச் சண்டையாகிவிடும். கண்ணாடியைப் பற்றிப் பேசுவதற்குக்கூட, எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்கிற ஊரில் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

விடுமுறை முடிந்து வந்ததும், கண்ணில் பட்ட பொட்டுகளையெல்லாம் துடைத்தார். அன்றைக்கே மலையிலிருந்து பாஞ்சாலி வந்தார். இடுப்பில் பெண் குழந்தை, அவருக்கு நெஞ்சைப் பிளக்கும் இருமல்.

அவர் சளியைச் சாயமேற்றிப் பார்த்தபோது சின்ன லென்ஸ்களில் படம் தெளிவாகத்தான் இருந்தது. சில்லின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு பெருக்கும் நீள லென்ஸை அதில் தொடும்படி திருப்பினார். ஒளி சிதறாமல் லென்ஸுக்குள் ஏறத்தான் அந்த எண்ணெய். ஆனால் தெரிந்தது வெறும் பனிமூட்டம். கீழேயிருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை முழுக்க உயர்த்தினார். ஒளி வரும் துவாரத்தை அகலத் திறந்தார். விளக்கைக் கூட்டினார். படம் வெளுத்ததே தவிரத் தெளியவில்லை. எண்ணெய்தான் பழசு என்று நினைத்தார். புது பாட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். மலைச் சனங்களின் ஆஸ்பத்திரிக்கு எதுதான் உடனே வந்திருக்கிறது?

“பஸ்ஸு போயிருமுங்க. வுட்டா நாளைக்குத்தான்” என்றார் பாஞ்சாலி, வாசலில் நின்றபடி.

மூட்டத்தில் இன்னொரு முறை தேடினார். கிருமி இருந்தால் சாயத்தில் சிவப்பாகத் தெரியும். சிவப்பாக எதுவும் இல்லை.

“கிருமி இல்லம்மா. பொறப்படு.”

மதியம் அடுத்த ஆளின் சில்லிலும் அதே மூட்டம். அப்போதுதான் நீள லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணியாகக் குழைத்த சந்தனம் வழிந்திறங்கி, நுனிக் கண்ணாடியில் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு, பாஞ்சாலியின் சில்லை மறுபடி வைத்தார். நீலப் பரப்பெங்கும் சிவப்புக் குச்சிகள்.

பாஞ்சாலி கொடுத்திருந்த போன் நம்பர் கிடைக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினார். வீடு பூட்டிக் கிடந்தது.

“காப்பி பறிக்கக் குடகுக்குப் போய்ட்டாங்க. நோவு ஒண்ணுமில்லைன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்கன்னு தெம்பாத்தாம் போனா” என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

பொங்கலுக்குத்தான் திரும்பினார்கள். பாஞ்சாலி பாதியாக இளைத்திருந்தார். இப்போது குழந்தையும் இருமியது. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கும் காசநோய் என்று உறுதி செய்தார்கள்.

மாத்திரை கொடுக்கும் நாளில், நடந்ததை மறைக்காமல் சொன்னார் லூர்துமேரி.

“சாமிக்கு வெச்ச பொட்டுங்க அது” என்றார் பாஞ்சாலி, லூர்துமேரியைத் தேற்றுகிற மாதிரி. “எங்க தலையெழுத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“தலையெழுத்து இல்ல பாஞ்சாலி. நாங்க பண்ணது. நான் பாத்துக்கிட்டே சும்மா இருந்தேன்.”

பாஞ்சாலி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்பூனில் கரைத்த மாத்திரையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையின் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.