சுவிட்சின் மேல் இருந்த கை

சிவப்பு சுவிட்சின் மேல் என் கை. என் கைக்கு மேல் ஆபரேட்டர் பாப்பாவின் கை. இப்போது வீட்டில் பேரன் கம்ப்யூட்டரை நிறுத்தும்போதெல்லாம் அந்த அழுத்தம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அறுபதுகளில் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் ஆயில் இன்ஜின் ஓட்டச் சேர்ந்தேன். படிப்பு எட்டாவதுதான். முருகனைக் கும்பிட்டு, இன்ஜினுக்குத் திருநீறு பூசித்தான் கிளப்புவேன். நிறுத்தவும் முறை உண்டு. பெல்ட்டைத் தள்ளிச் சுமையை இறக்கி, செத்த நேரம் வெறுமனே ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகே எண்ணெயை அடைக்க வேண்டும். பிறகு கரண்டு வந்தது, இன்ஜின் போனது, நான் ஆபீசில் எலெக்ட்ரிக் வேலைக்கு வந்தேன். ஓய்வு பெற நாலைந்து வருடம் இருந்தபோதுதான் ஒரே மெஷினில் பல திரைகள் இணைந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள, சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தற்காலிகமாக வந்தாள். அவளைத்தான் ஆபரேட்டர் பாப்பா என்போம்.

காலையில் அவள் அதைக் கிளப்புவதைப் பார்க்கப் போய் நிற்பேன். முதலில் மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பிறகு டிஸ்க்கிலிருந்து ‘கெர்னல்’ என்ற மூல நிரல் மேலேறி வந்து, என்னென்ன கருவி இருக்கிறது என்று பார்த்து, ‘இனிட்’ என்ற ஒன்றை எழுப்பும். மற்ற வேலைகளை எல்லாம் அந்த இனிட்தான் எழுப்பிவிடும். அதன் பிறகே ஒவ்வொரு திரையும் நம் பெயரைக் கேட்கும். “மொத எந்திரிச்சது கடைசியாத்தாண்ணே படுக்கும், எங்க அம்மா மாதிரி” என்பாள்.

ஒரு வாரம், மில்லின் தற்காலிகப் பெண் தொழிலாளர்கள் வேலை செய்த நாட்களையெல்லாம் பழைய பதிவேடுகளிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்றுதான் கடைசி நாள்; மறுநாள் பட்டியலைப் பார்க்க லேபர் ஆபீசர் வருகிறார். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வேலை நிரந்தரம். மறுபடி ஏற்ற நேரமே கிடையாது.

மதியம் கரண்டு போனது. கம்ப்யூட்டரைத் தாங்கிய பேட்டரிப் பெட்டி கீச்சிட்டது, லேசாகத் தீய்ந்த வாடையும் வந்தது. மேனேஜர் ஓடிவந்து, “அமத்துய்யா, ஆபீசே எரிஞ்சிரும்” என்றார். முறை தெரிந்த நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சொன்னவுடன் அந்தப் பெட்டியின் சிவப்பு சுவிட்சில் கை வைத்துவிட்டேன்.

பாப்பாவின் இடது கை என் கையைப் பிடித்தது. “கைய எடுங்கண்ணே. ஏத்துனதுல பாதி இன்னும் மெமரியிலதான் கெடக்கு, டிஸ்க்குல எழுதி முடிக்கல. இப்ப அமத்துனா அம்புட்டும் போயிரும்.”

நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்று மேனேஜர் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆனாலும் அவள் திரும்பவில்லை. வலது கையால் மட்டும் தட்டினாள். எல்லோரும் வெளியேறுங்கள் என்று மற்றத் திரைகளுக்குச் செய்தி போனது. ஓடிக்கொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாய் முடிந்தன. மிச்சம் இருந்ததெல்லாம் டிஸ்க்கில் இறங்கியது, டிஸ்க்கும் பத்திரமாக மூடப்பட்டது. இனி மின்சாரத்தை நிறுத்தலாம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அப்புறம்தான் என் கையை விட்டாள். “இப்ப அமத்துங்க.”

மறுநாள் காலை கிளப்பியதும் பட்டியல் ஒரு பெயர் குறையாமல் வந்தது. இருந்தும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உத்தரவுக்குப் பணியாததால் அவளை நீக்குவதாக ஒரு கடிதம் இருந்தது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடைசி மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கு இல்லை. முருகா என்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“போட மாட்டேங்க சார். தப்பா அமத்தப் போனது என் கை. எழுதுறதா இருந்தா என் பேருல எழுதுங்க.”

அவர் கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். அதைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை. பாப்பா வேலையில் இருந்தாள்.

ஆபீசர் வந்துபோன பின், சாயங்காலம் கேட் சுவரில் பட்டியலை ஒட்டினோம். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு அம்மா, படிக்கத் தெரியாது என்று சொல்லித் தன் பெயரைப் பார்க்கச் சொன்னார். மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது.

“நல்லாப் பாத்தீகளாண்ணே?” என்று கேட்டார்.

அவர் பெயரையும், அவர் புருஷன் பெயரையும், வேலை செய்த நாட்களையும் இன்னொரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன்.