முதலில் கிடைத்த கோல்

கணினிச் சேர்வருக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. ஒரே சேர்வரிடம் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகக் கேட்பார்கள். எல்லாரிடமும் கேள்வியை வாங்கிக்கொண்டு, எவருக்குப் பதில் முதலில் வருகிறதோ அவரை முதலில் அனுப்ப வேண்டும். முன்னால் நிற்பவருக்காக மற்றவர்களை மறித்து வைக்கக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை வேகத்துக்கான உத்தி என்கிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

தொண்ணூறில் யாழ்ப்பாண நகரில் ஒரு தொலைபேசிக் கடையில் இருந்தேன். ஒரே லைன். கொழும்புக்குக் கதைக்க வருபவர்களின் இலக்கங்களை எக்சேஞ்சில் பதிவேன். அவர்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். எக்சேஞ்ச் எந்த இலக்கத்தைப் பிடிக்கிறதோ அந்தக் கோலைத்தான் முதலில் தரும். பதிந்த ஒழுங்கில் தராது. எங்கள் சனமோ வந்த ஒழுங்கை விடாது.

அன்று முதல் ஆள் உடுவில் ஊர் ஐயா ஒருவர். கொழும்பில் மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று அறிய வந்தவர். கடைசி ஆள் மீனவர் ஊரான குருநகரிலிருந்து வந்த அம்மா. மகன் கொழும்பிலிருந்து பின்னேர பஸ்ஸில் ஊருக்கு வர இருந்தான். வழியில் பஸ்ஸை மறித்துப் பொடியன்களை இறக்கிக் கொண்டுபோகிறார்கள் என்ற கதை காலையில்தான் வந்திருந்தது.

மணி அடித்தது. மகன் தங்கியிருந்த லொட்ஜ். அவனைக் கூப்பிட ஆள் மாடிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அம்மா எழுந்தார். ஐயா குறுக்கே வந்துவிட்டார். இவ கதைக்கும்போது தன் கோல் வந்தால் தவறிவிடும் என்றார்.

"ஐயா, வரவேண்டாமெண்டு ஒரு சொல்லு. வேறொண்டும் கதைக்கமாட்டன்."

"எல்லாரும் ஒரு சொல்லெண்டுதான் தொடங்கிறது. நான் விடியவே வந்தனான், பிள்ளை."

மீன் சந்தையென்று நினைத்துவிட்டாவோ என்று வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள். நான் கத்தினேன். முதலாளி ரிசீவரை என் கையிலிருந்து பறித்து வைத்தார். முறை முறைதானாம்.

ஐயா கெட்டவர் இல்லை. நியாயம்தான் பேசினார். அந்த நியாயத்தை நினைத்தால் இன்றும் பத்திக்கொண்டு வருகிறது.

அவருடைய கோல் வந்தது. பேரன். சந்தோஷமாகப் போனார். லொட்ஜ் மறுபடி கிடைத்தபோது மகன் வெளிக்கிட்டுவிட்டான்.

"இல்லைத் தம்பி, வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றார் அம்மா லொட்ஜ்காரனிடம். "அம்மா சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

லைன் அறுந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. அவன் அதில் இல்லை. அம்மா பிறகும் கடைக்கு வந்து அதே லொட்ஜின் இலக்கத்தைப் பதியச் சொல்வார். யாழ்ப்பாணத்து லைன் அடியோடு நின்றுபோகும்வரை பதிந்தேன்.