லில்லி வாளியும் மூன்று மாப்பிள்ளைகளும்

அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் எனக்கு எட்டு வயது. பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான் என்று நாலு பேர் இருந்தோம். ஐந்தாவதாக ஒரு லில்லிச் செடியும் இருந்தது. தோட்டத்துத் துரை பங்களாவில் பிடுங்கிப் போட்ட கிழங்குகளை அத்தை எடுத்து வந்து ஒரு பெயிண்ட் வாளியில் நட்டிருந்தாள். ஒன்று மாற்றி ஒன்று வெள்ளை வெளேரென்று பூத்தது. வாசனை ஆளைத் தூக்கும். ஆனால் பழகாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கு அரித்து, கண் கலங்கி, தும்மலில் கொண்டுபோய் விட்டுவிடும். "இந்தப் பீடையத் தூக்கி எறி" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

அப்பா அத்தையைத் தன் மகள் மாதிரி வளர்த்தவர். தங்கமான மனிதர்தான். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் யார் பேச்சும் எடுபடாது. நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. இரட்டையாக விழுந்தால் குற்றமில்லை. அண்ணன் கொண்டுவரும் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லும் தைரியம் அத்தைக்கு இல்லை.

முதலில் வந்தவர் கொழும்பில் கடையில் வேலை பார்ப்பவர். அப்பாவுக்கே அண்ணன் மாதிரி இருந்தார். அத்தை என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"அந்த லில்லி வாளிய அவரு பக்கத்துல வச்சிட்டு வா, தங்கம். வீடு மணக்கட்டும்."

வைத்தேன். தேத்தண்ணீர் பாதி குடித்திருப்பார், தும்மினார். இரண்டாவதும் வந்தது. மரியாதைக்காக மூக்கைப் பிடித்து அதை அடக்கிக்கொண்டார் பாவம். அப்பா எழுந்துவிட்டார்.

இரண்டாவதாக வந்த இடத்தில், அத்தையின் பல்லை எண்ணாத குறையாக உற்றுப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மாவே தும்மிவிட்டார். அன்றைக்கு அத்தையிடமிருந்து எனக்கு இரண்டு டொபி மிட்டாய் கிடைத்தது.

மூன்றாவதாக வந்தவர் பசறையில் ஆட்டோ ஓட்டுபவர். அவரை எனக்கு முன்பே தெரியும். சந்தைக்குப் போனால் அத்தைக்கும் எனக்கும் எப்படியாவது பஸ் தவறிவிடும், அவருடைய ஆட்டோதான் வந்து நிற்கும். அன்று அத்தை இரண்டு தரம் சேலை மாற்றினாள். தேத்தண்ணீருக்கும் இரண்டு தரம் சீனி போட்டாள். வாளியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. போய்ப் பார்த்தால் அது பின்பக்கம் விறகுக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது. பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, நானே தூக்கி வந்து அவர் முழங்காலருகே வைத்தேன்.

அத்தை தட்டோடு வந்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியொரு பார்வையை நான் யாரிடமும் வாங்கியதில்லை.

ஆட்டோக்காரர் மூக்கு சிவந்து, கண் நிறைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, ஒடம்புக்கு முடியலையா?" என்றார் அப்பா.

"இல்லைங்க, நல்லாத்தான்..." என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், லயமே கேட்கும்படி ஒரு தும்மல்.

அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். அதற்குள் அத்தை தும்மினாள். தட்டு முழுக்கத் தேத்தண்ணீர். அப்பா அப்படியே குனிந்த நிலையில் கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டாச்சு" என்று மறுபடி உட்கார்ந்தார். "சொல்லுங்க, எப்ப வச்சுக்கலாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தினமும் அந்தப் பூவில் முகத்தைப் புதைத்து முகர்ந்தவளுக்கு இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, என்னால்தான் இப்போது ஆகிவிட்டது என்று அழுகை வந்தது. அவர்கள் போனதும் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இனிமே ஒனக்குத் தும்மலே வராது அத்த" என்றேன்.

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், உடனே அழவும் செய்தாள். செடிதான் போய்விட்டதே, பிறகும் ஏன் அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.