பின்சீட்டுதானே

ஊரில் ஓடுகிற வாடகைக் கார்களில் பாதிக்கு உட்கார இடம் தைத்துக் கொடுத்தவர் என் அக்கா புருஷன். ஆனால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது தையல் மிஷின் முன்னால் மட்டும்தான். அங்கேயும் ஒழுங்காக உட்கார மாட்டார். ஸ்டூலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பார். சாப்பாடு நின்றபடி. டீ நடந்தபடி. டிவி பார்ப்பதுகூடக் கதவில் சாய்ந்துகொண்டு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட இந்த மனுஷனுக்கு எங்கள் அக்காவை எந்தப் புண்ணியவான் பார்த்துக் கட்டிவைத்தானோ என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

எனக்கு அவர் மாமா. மற்றவர்களுக்கு சீட் கவர்க்காரர். டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. முன்னால் ஒரு கார் நிற்க இடம், உள்ளே இரண்டு மிஷின், சுவர் முழுக்க ரெக்ஸின் சுருள், எந்நேரமும் பசை வாடை. இரண்டாவது மிஷின் என்னுடையது. மாமா அளவெடுத்து வெட்டித் தருவார், நான் ஓட்டித் தருவேன், அவர் கொண்டுபோய் சீட்டில் மாட்டி, அடியில் கயிற்றை இழுத்துக் கட்டுவார். வாய் மட்டும் இருவருக்கும் ஓயாது. எனக்குத் திட்டுவதற்கு, அவருக்கு வாங்கிக் கட்டிக்கொள்வதற்கு.

மாமா தைத்தால் பின்சீட்டு தட்டு மாதிரி இருக்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. சீட் பெல்ட்டின் நாக்கு போய்ப் பூட்டிக்கொள்கிற பக்கிள் இருக்கிறதே, பின்சீட்டில் அது முதுகுக்கும் உட்காருமிடத்துக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்தால் குத்துகிறது என்று சவாரிக்காரர்கள் முனகுவார்கள். மத்தியானம் கால் நீட்டிப் படுக்கிற டிரைவருக்கு விலாவில் இடிக்கும். அதனால் பக்கிளை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு, கவரை அதன் மேலேயே இழுத்து மூடிவிடுவோம். பின்னால் யார் பெல்ட் போடுகிறார்கள்? பக்கிள் துருத்திக்கொண்டிருக்கிற வேலையை, கற்றுக்குட்டி வேலை என்று எங்கள் தொழிலில் சிரிப்பார்கள். மாமாவைப் பார்த்து ஊரில் மற்றக் கடைக்காரர்களும் அப்படியே தைக்க ஆரம்பித்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்காவுக்கு ஒரே பெண். கல்யாணமாகிப் போன பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான். மலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்கு வேலை. வயிற்றில் ஏழு மாதத்தோடு வந்து சில நாள் இருந்துவிட்டு, அன்று காலை மாப்பிள்ளையோடு ஒரு வெள்ளை வாடகைக் காரில் கிளம்பினாள். விட்டுவிட்டு மழை. கால் வீங்கியிருக்கிறது, பின்னால் தாராளமாக உட்காரட்டும் என்று அக்கா ஏற்பாடு. டிரைவர் சீட்டு முழுக்க ஒரு போர்வையை விரித்து வைத்திருந்தார். மாமா அவள் முதுகுக்குத் தலையணை வைத்தார், எடுத்தார், திருப்பி வைத்தார். போகும்போது பாப்பா, பெல்ட்டை இழுத்தால் வருகிறது, மாட்டத்தான் இடத்தைக் காணோம் என்றாள். போர்வைக்கு அடியில் இருக்கும், தேடிப் பார் என்று சொல்லிவிட்டு மாமா கையாட்டினார்.

கடைக்கு வந்தும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண்ணை அனுப்பின வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன். வாசலில் ஒரு கார் வேலைக்கு நின்றிருந்தது. அதன் பின்சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு மாமா வழக்கம்போலப் பக்கிளை அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தேன். கை மெத்தைக்குள், முகம் என் பக்கம்.

"பாப்பா போன வண்டி நாம தைச்சது," என்றார்.

தலையணை வைக்கும்போது போர்வைக்கு அடியில் எங்கள் கடையின் இரட்டைத் தையல் விரலில் பட்டிருக்கிறது. கைக்குத் தெரிந்தது தலைக்கு ஏற அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. மலைப்பாதை, மழை, வளைவுக்கு வளைவு லாரி. பின்சீட்டில் பிடிமானம் எதுவும் இல்லாமல் பாப்பா. இவரை என்ன சொல்லித் திட்டுவது? தைத்ததில் பாதி நான்.

மாமா மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். நண்பன் வீட்டில் ஒரு பையை எடுத்துக்கொண்டு இப்போதுதான் கிளம்புகிறோம் என்றார் மாப்பிள்ளை. மாமா விஷயத்தைச் சொன்னார். சொன்னார் என்று சொல்லக்கூடாது, உளறினார். அந்தப் பக்கம் சிரிப்பு.

"விடுங்க மாமா, பின்சீட்டுதானே. மெதுவாத்தான் போறோம்."

அதோடு லைன் போய்விட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. பாப்பாவின் போனுக்கு அடித்தால் அக்கா எடுக்கிறாள், மகராசி போனைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அக்காவிடம் நான் விஷயத்தைச் சொன்னதும், பட்டை இல்லாமல் போனதே நல்லது, வயிற்றை இறுக்கினால் குழந்தைக்கு ஆகாது என்று ஆரம்பித்தாள். நான் போனை வைத்தேன். பெரிய டாக்டர்!

மாமா கடையின் நீளத்துக்கு நடந்தார். போனார், வந்தார், கத்தரியை எடுத்தார், வைத்தார். "மாமா, நடந்து மலை ஏறிடப் போறீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார். மலை ஏறுமுன் கடைசியாக ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. எந்த டிரைவரும் அங்கே நிற்காமல் போகமாட்டான். நானும் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். அந்த அவசரத்திலும் மனுஷன் திரும்பி என் தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்கூட்டரில் இருக்கிற புத்தி காரில் எங்கே போச்சாம்?

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் மாமா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு துடித்தார். ஓர் இடத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், நான் இறங்கிச் சேற்றில் நடந்தேன். முன்னால் போகிற வெள்ளைக் கார் ஒவ்வொன்றும் அந்தக் காராகத் தெரிந்தது, கிட்டே போனால் வேறு யாரோ. அதில் சிலவற்றின் பின்கண்ணாடி வழியாக எங்கள் கவரின் மஞ்சள் நூல் தெரிந்தது. நான் பார்த்தேன், மாமாவும் பார்த்திருப்பார். வேகமாகப் போங்கள் என்று சொல்லவும் பயம், மெதுவாகப் போங்கள் என்று சொல்லவும் மனமில்லை.

பங்க்கில் அந்தக் கார் பெட்ரோல் போட்டு முடித்து, காற்றடிக்கிற இடத்தில் நின்றிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாப்பா கண்ணாடியை இறக்கி, அம்மாவுக்கு ஏதாவதா சித்தி என்றாள். ஒன்றுமில்லை, நீ முதலில் கீழே இறங்கு என்றேன். மாமா கதவைத் திறந்தார். போர்வையை உருவிப் போட்டார், சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார், தான் தைத்த கவரைத் தானே கிழித்தார்.

டிரைவர் ஓடி வந்தார். முதலாளி கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று கத்தினார். நீங்கள் சொல்ல வேண்டாம், எங்கள் கடைக்கு அனுப்புங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று நானும் கத்தினேன். எனக்குக் கத்துவதற்குச் சொல்லியா தர வேண்டும்? மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தபடி இறங்கி வந்து, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், வேண்டுமானால் முன்னால் உட்காரட்டுமே என்றார். முன்னால் காலை மடக்கி உட்கார முடியவில்லை என்றாள் பாப்பா.

மாமாவின் கை மணிக்கட்டு வரை மெத்தைக்குள் போயிருந்தது. முதல் பக்கிள் வெளியே வந்தது. பெல்ட்டின் நாக்கைச் செருகினார், மாட்டவில்லை. மறுபடி செருகினார். உள்ளே எங்கள் பசை போய்க் கெட்டியாகி இருந்தது. ஊதினார், நகத்தால் சுரண்டினார், தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பக்கத்தைக் கிழித்தார். அது வந்தது, ஒரு ஹேர்பின்னையும் பிஸ்கட் தூளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. துடைத்துச் செருகினார். டக்கென்று பூட்டியது. இழுத்துப் பார்த்தார். பிடித்தது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பாப்பா முரண்டு பிடித்தாள். காலையில் பெல்ட்டைத் தேடினதற்கே அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், பெல்ட் வயிற்றில் அழுத்தினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும், நான் போடமாட்டேன் என்றாள். வயிற்றில் பிள்ளையோடு பெல்ட்டை எப்படிப் போடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் மாமா கேட்டு வந்து வீட்டில் சொன்னதுதான். அக்கா அவரைப் பேசவிட்டால்தானே? இப்போது பெற்ற பெண்ணுக்கு எந்த இடத்தில் பட்டை வரவேண்டும் என்று கைவைத்துக் காட்ட மனுஷனுக்குக் கூச்சம். சுற்றுமுற்றும் பார்த்தார். தலையணையை எடுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். ஏறி, முதுகைச் சாய்த்து, பின்சீட்டில் உட்கார்ந்தார்.

மாமா அப்படி முதுகு சாய்த்து உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடை ஆரம்பிக்கிற எலும்போடு ஒட்ட இறக்கிக் காட்டினார். மேல்பட்டையை நெஞ்சுக்கு நடுவில் கொண்டுவந்து வயிற்றின் ஓரமாக ஒதுக்கினார். வயிற்றுக்கு மேலே மட்டும் எதுவும் வரக்கூடாது என்று தலையணையைத் தட்டிச் சொன்னார். காற்றடிக்கிற ஆள் ஓரமாக நின்று, ஐயாவுக்கு எத்தனையாவது மாசம் என்று கேட்டான். டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

பாப்பா ஏறினாள். சொன்னபடி போட்டுக்கொண்டாள். டக். மூச்சை இழுத்து விட்டுப் பார்த்து, ஒன்றும் அழுத்தவில்லை என்றாள். மாமா பட்டையில் முறுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளை அதற்குள் முன்சீட்டில் ஏறிக் காதும் காதும் வைத்தமாதிரி தன் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். நான் பார்த்துவிட்டேன், சும்மா விட்டேன்.

கதவைச் சாத்தப் போகும்போதுதான் பாப்பா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"இந்த சீட்ல நேத்து யாருப்பா போனாங்க?"

மாமாவுக்கு எப்படித் தெரியும்? டிரைவர்தான் பதில் சொன்னார். ஒரு குடும்பம், இதே மலைக்குத்தான், பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள், வழியெல்லாம் ஒரே குதியாட்டம் என்றார்.

"அவங்களைத் துரத்திட்டு யாரும் வரலையா?"

மாமா கதவைச் சாத்தினார். கார் மெதுவாக ரோட்டில் ஏறி மழைக்குள் போயிற்று. அது மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வாங்க மாமா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பெண் பத்திரமாகப் போகிறாள், இனிமேலாவது மனுஷன் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். கடைக்குப் போகிற திருப்பம் வந்தது, அவர் திரும்பவில்லை. நேராகப் போய் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கிற ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார். எல்லாம் நாங்கள் தைத்தவை. முதல் காரின் பின்சீட்டில் டிரைவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், எங்களுடைய தட்டு மாதிரியான பின்சீட்டில். மாமா கண்ணாடியைத் தட்டினார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். சவாரியா என்றார்.

"சீட்டைக் கொஞ்சம் பிரிக்கணும். பெல்ட்டோட பக்கிளை வெளிய எடுக்கணும்."

அவர் மாமாவின் கையில் இருந்த பிளேடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூக்கம் போய்விட்டது.

"ஏங்க, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகலப்பா," என்றார் மாமா. "இறங்கு."